துப்பாக்கிக் குழலைப் பிடித்த கை

காக்கியின் கதை: வரலாற்றுத் தொடர் - பகுதி 6

சென்ற வாரம் மும்பை காமா மருத்துவமனைக்குப் பக்கத்துச் சந்தில் நிறுத்தியிருந்தோம்.

2008 நவம்பர் 26 இரவு. கராச்சியிலிருந்து கடல்வழியாக வந்த லஷ்கர்-இ-தொய்பா ஆட்கள் பத்துப் பேர், இருவர் இருவராகப் பிரிந்து தென் மும்பையைச் சூறையாடிக்கொண்டிருந்தார்கள். தாஜ் ஹோட்டலில், ஓபராய் - டிரைடென்டில், நரிமன் ஹவுஸில், லியோபோல்டு கஃபேயில் வெடிச்சத்தம்.

அபு இஸ்மாயில், அஜ்மல் கசாப் என்ற இருவர் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்துக்குள் நுழைந்தார்கள். வண்டிக்காகக் காத்திருந்த ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே செத்து விழுந்தார்கள். பிறகு நடைமேம்பாலம் ஏறி இறங்கி, காமா மருத்துவமனைக்குள் புகுந்தார்கள். அங்கே கூடுதல் கமிஷனர் சதானந்த் தாதே, உடம்பெல்லாம் கையெறிகுண்டின் சிதறல்களோடு அவர்களை மறித்துப் போராடினார். அவருக்கு உதவ ஒரு குவாலிஸ் வண்டியில் விரைந்த தீவிரவாதத் தடுப்புப் பிரிவின் தலைவர் ஹேமந்த் கர்கரே, கூடுதல் கமிஷனர் அசோக் காம்தே, இன்ஸ்பெக்டர் விஜய் சலாஸ்கர் மூவரும் சந்தின் இருட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

மும்பை போலீஸின் மிகப் பெரிய பெயர்கள் மூன்று, ஒரே வண்டியில், ஒரே நிமிடத்தில் சாய்ந்துவிட்டன.

கொலையாளிகள் அதிகாரிகளின் உடல்களைத் தெருவில் இழுத்துப் போட்டுவிட்டு, அதே போலீஸ் வண்டியை ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இங்கேதான் கடந்த வாரம் தொடரும் போட்டோம்.

அவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று அந்த வண்டிக்குள் இருந்தது.

*

பின் இருக்கையில் ஓர் உயிர்

குவாலிஸின் பின்பகுதியில் காவலர்கள் சிலரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அருண் ஜாதவ். கையில் குண்டு பாய்ந்திருந்தது. அவர் மேல் சக காவலர்களின் உடல்கள் சரிந்து கிடந்தன. அசைந்தால் சாவு.

ஜாதவ் அசையவில்லை. முன் இருக்கையில் இரண்டு கொலைகாரர்கள். பின்னால் மூச்சை அடக்கியபடி ஒரு போலீஸ்காரர். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

மெட்ரோ தியேட்டர் சந்திப்பில் கூட்டம் நின்றிருந்தது. வருவது போலீஸ் வண்டி என்று நம்பி நின்ற கூட்டம். வண்டிக்குள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது. நடுவில் ஒரு காவலரின் கைப்பேசி மணி அடித்தது. முன் இருக்கையிலிருந்து பின்புறமாகச் சுட்டார்கள். ஜாதவ் அப்போதும் அசையவில்லை.

சட்டமன்றக் கட்டடத்தின் பக்கம் வந்தபோது குவாலிஸின் டயர் போய்விட்டது. இருவரும் இறங்கினார்கள். எதிரே வந்த ஒரு ஸ்கோடா காரை மறித்து, உள்ளே இருந்தவர்களைத் துப்பாக்கி முனையில் இறக்கிவிட்டு, அதில் ஏறிப் பறந்தார்கள்.

ஜாதவ் தலையைத் தூக்கினார். அடிபடாத கையால் வயர்லெஸ்ஸை எடுத்தார். கர்கரே, காம்தே, சலாஸ்கருக்கு நடந்ததைக் கண்ட்ரோல் ரூமுக்குச் சொன்னார்.

வெள்ளி நிற ஸ்கோடா ஒன்று பறிக்கப்பட்ட செய்தியும் வயர்லெஸ்ஸில் ஏறியது. மெரைன் டிரைவ் வழியாகச் சௌபாத்தியை நோக்கி வருகிறது, உள்ளே இரண்டு பேர், இருவரிடமும் ஆயுதம்.

அந்த இரவில் போலீஸுக்குக் கிடைத்த தகவல்களில் பாதி வதந்தி. பத்து இடத்தில் சண்டை, இருபது இடத்தில் தீவிரவாதி என்று ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வந்த செய்திகள். அவற்றுக்கு நடுவே வண்டியின் பெயர், நிறம், திசை மூன்றையும் சரியாகச் சொன்ன செய்தி இது ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். கேட்க வேண்டியவர்கள் அதைக் கேட்டார்கள்.

*

சௌபாத்தியின் வளைவு

மெரைன் டிரைவ் என்பது அரபிக்கடலை ஒட்டி வில்லாக வளைந்து போகும் சாலை. நரிமன் பாயின்டில் தொடங்கி, கிட்டத்தட்ட மூன்றரை கிலோமீட்டர் தாண்டி, கிர்காவ் சௌபாத்திக் கடற்கரையில் முடியும். அங்கிருந்து மலபார் ஹில் மேட்டுக்குச் சாலை ஏறும். ஆளுநர் மாளிகையும் முதலமைச்சர் இல்லமும் அந்த மேட்டில்தான் இருக்கின்றன.

சௌபாத்தி டி.பி. மார்க் காவல் நிலையத்தின் எல்லை. பழைய மும்பைக்காரர்கள் லாமிங்டன் ரோடு என்பார்களே, அந்தத் தெரு. ஜேப்படி, அடிதடி, கடைச் சண்டை என்று நாளெல்லாம் வழக்கு வரும் நிலையம். விநாயகர் சிலை கரைப்பு நாளில் லட்சக்கணக்கான ஜனம் சௌபாத்தி மணலில் இறங்கும்போது கயிறு கட்டிக் கூட்டத்தை வழிநடத்துவது இவர்கள் வேலை. எந்தத் தடுப்பை எங்கே வைத்தால் வண்டி திரும்ப முடியாது, நடுச்சுவர் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி.

உதவி இன்ஸ்பெக்டர்கள் ஹேமந்த் பவ்தன்கர், சஞ்சய் கோவில்கர். சப் இன்ஸ்பெக்டர் பாஸ்கர் கதம். இவர்களோடு இன்னும் சில காவலர்கள். சாலையின் குறுக்கே தடுப்புகளைப் போட்டு நாகாபந்தி வைத்திருந்தார்கள். அதிகாரிகள் சிலரின் இடுப்பில் கைத்துப்பாக்கி. மற்றவர்கள் கையில் லத்தி.

லத்தியோடு நின்றவர்களில் ஒருவர் உதவி சப் இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே.

சாத்தாரா மாவட்டத்தின் மலைக் கிராமமான கேடம்பேயில் பிறந்தவர். ராணுவத்தின் சிக்னல் பிரிவில் நாயக்காகப் பணியாற்றி ஓய்வு பெற்று, அதன் பிறகு 1991-இல் மும்பை போலீஸில் சேர்ந்தவர். ஐம்பதைத் தாண்டிய வயது. அதிரடிப் படையில் இருந்ததில்லை. தீவிரவாதத்தை எதிர்க்கும் சிறப்புப் பயிற்சியும் அவருக்குக் கிடைத்ததில்லை. ஸ்டேஷன் ரோலில் இருக்கும் பெயர்களில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

நள்ளிரவு தாண்டியிருந்தது. தூரத்தில் ஒரு கார் வருவது தெரிந்தது.

*

ஐம்பது அடி தூரம்

வெள்ளி நிற ஸ்கோடா.

தடுப்புக்கு ஐம்பது அடி முன்பாகக் கார் நின்றது. போலீஸார் விசில் ஊதினார்கள். முன்விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்தினார்கள்.

விளக்கு அணையவில்லை. முழு வெளிச்சத்துக்குப் போனது. கண்ணாடி மேல் தண்ணீர் பீய்ச்சி வைப்பரையும் ஓட விட்டான் ஓட்டியவன். எதிரே நிற்பவர்களுக்கு உள்ளே இருப்பது யார், எத்தனை பேர் என்று தெரியக் கூடாது.

அடுத்த நொடி கார் சீறியது. வந்த வழியே திரும்பிவிடப் பார்த்தான் இஸ்மாயில். முடியவில்லை. நடுச்சுவரில் ஏறி மாட்டிக்கொண்டது வண்டி.

போலீஸார் இரண்டு பக்கமும் ஓடினார்கள். இஸ்மாயில் சுடத் தொடங்கினான். பவ்தன்கரும் கதமும் ஓட்டுநர் பக்கம் குறிவைத்துச் சுட்டார்கள். இஸ்மாயில் குண்டடிபட்டுச் சரிந்தான்.

இடதுபுறக் கதவு திறந்தது. கசாப் வெளியே வந்தான். அந்தப் பக்கம் ஓடியவர்கள் கோவில்கரும் ஓம்ப்ளேயும். கசாப்பின் கையில் ஏ.கே. ரகத் துப்பாக்கி இருந்தது.

இந்த ரகத் துப்பாக்கி, விசையை அழுத்திப் பிடித்தால் நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டுகளைக் கக்கும் வேகம் கொண்டது. ஒரு நொடிக்குப் பத்து. ஒரு மேகசினில் இருப்பது முப்பது குண்டு. கசாப்பைச் சுற்றி ஓடிவந்துகொண்டிருந்த காவலர்கள் யாருக்கும் மறைவு இல்லை. திறந்த சாலை. மூன்றே மூன்று நொடி அவனுக்குக் கிடைத்திருந்தால் அந்தத் தடுப்பில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

ஓம்ப்ளே அந்த மூன்று நொடியைக் கொடுக்கவில்லை.

பாய்ந்தார். துப்பாக்கியின் குழலை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கசாப் விசையை அழுத்தினான். குண்டுகள் ஓம்ப்ளேயின் உடலில் பாய்ந்தன. அவர் பிடியை விடவில்லை. கோவில்கருக்கும் இடுப்பில் குண்டுக் காயம்.

மற்ற காவலர்கள் கசாப்பின் மேல் விழுந்தார்கள். லத்திகள் இறங்கின. துப்பாக்கி பிடுங்கப்பட்டது.

ஓம்ப்ளே தரையில் கிடந்தார். அந்தக் காயங்களிலிருந்து அவர் பிழைக்கவில்லை.

*

கொல்லாமல் விட்ட கை

இந்த இரவின் இன்னொரு திருப்பம் இதற்குப் பின்னால் நடந்தது. அதைப் பேசுகிறவர்கள் குறைவு.

நகரமெங்கும் பிணங்கள். தங்கள் உயர் அதிகாரிகள் செத்த செய்தி அப்போதுதான் காதில் விழுந்திருக்கிறது. கண்ணெதிரே கூட வேலை பார்த்தவர் ரத்த வெள்ளத்தில் கிடக்கிறார். அதைச் செய்தவன் கையில் சிக்கியிருக்கிறான். லத்தி ஓங்கிய கைகள் நிற்குமா?

நின்றன. குண்டடிபட்டிருந்த கோவில்கர்தான் நிறுத்தினார். இவனைக் கொன்றுவிடாதீர்கள், இவன் உயிரோடு வேண்டும், இவன்தான் ஆதாரம் என்று சக காவலர்களைத் தடுத்தார். இஸ்மாயிலையும் கசாப்பையும் நாயர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இஸ்மாயில் இறந்தான். கசாப் பிழைத்தான்.

ஆத்திரத்தில் கொதிக்கும் கூட்டத்துக்கு நடுவே, வலியோடு கிடக்கும் ஒரு ஸ்டேஷன் அதிகாரிக்கு வழக்கின் நினைப்பு வந்தது பாருங்கள், அதுதான் போலீஸ் வேலை. எதிரியை வீழ்த்துவதோடு ராணுவ வீரனின் கடமை முடிந்துவிடலாம். போலீஸ்காரரின் கடமை நீதிமன்றப் படியேறி, சாட்சி சொல்லி, தீர்ப்பு வரும்வரை நீளும். ஓம்ப்ளே துப்பாக்கியைத் தடுத்தார். கோவில்கர் சாட்சியத்தைக் காத்தார். இரண்டும் சேர்ந்துதான் வரலாற்றை மாற்றின.

எப்படி மாற்றின?

அந்தப் பத்துப் பேரும் கல்லூரி மாணவர்கள் போல இந்துப் பெயர்களில் போலி அடையாள அட்டை தயாரித்து வந்திருந்தார்கள். கசாப்பின் அட்டையில் இருந்த பெயர் சமீர் தினேஷ் சௌத்ரி. தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே, 'டெக்கான் முஜாஹிதீன்' என்ற கேள்விப்படாத பெயரில் பொறுப்பேற்பு மின்னஞ்சல் ஊடகங்களுக்குப் போனது. பத்துப் பேரும் செத்திருந்தால் மிஞ்சியிருப்பது இந்த அட்டைகளும் அந்த மின்னஞ்சலும். ஏதோ உள்ளூர்க் கும்பல் என்று கதை கட்ட அது போதும். எத்தனை அப்பாவிகள் சந்தேக வலையில் சிக்கியிருப்பார்கள், எத்தனை தெருக்களில் பகை மூண்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

கசாப் உயிரோடு இருந்தான். பேசினான். ஊர் பாகிஸ்தான் பஞ்சாபின் ஃபரீத்கோட் என்றான். பயிற்சி, படகு, கூட வந்தவர்கள் என்று ஒவ்வொன்றாக வெளிவந்தது. முதலில் மறுத்த பாகிஸ்தான், 2009 ஜனவரி 7 அன்று அவன் தன் நாட்டவன் என்று ஒப்புக்கொண்டது. தாக்குதல் திட்டத்தின் ஒரு பகுதி தங்கள் மண்ணில் தீட்டப்பட்டது என்பதையும் பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டது.

ஆர்தர் ரோடு சிறைக்குள் தனி நீதிமன்றம் அமைந்தது. 11,000 பக்கங்களுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை. நீதிபதி தஹிலியானி முன்னால் நூற்றுக்கணக்கான சாட்சிகள். 2010 மே மாதம் தீர்ப்பு வந்தது. கசாப் குற்றவாளி, தண்டனை தூக்கு. அதே தீர்ப்பில், உடன் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு இந்தியர்களை ஆதாரம் போதாது என்று நீதிமன்றம் விடுவித்தது. 166 உயிர் போன வழக்கிலும் சட்டம் சட்டமாகவே நடந்தது. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் எல்லாம் முடிந்து, 2012 நவம்பர் 21 காலை, புனே ஏர்வாடா சிறையில் தண்டனை நிறைவேறியது.

இவ்வளவுக்கும் அடித்தளம் சௌபாத்தியில் அந்த இரண்டொரு நிமிடம்.

*

முதல் நிமிடங்கள் யாருடையவை?

தேசியப் பாதுகாப்புப் படையின் கறுப்புச் சீருடை கமாண்டோக்கள் அன்று தலைநகர் பக்கத்து மானேசரில் இருந்தார்கள். உத்தரவு கிடைத்து, விமானம் ஏறி, மும்பையில் இறங்கியபோது பொழுது விடியும் வேளை. அவர்கள் ஹோட்டல்களிலும் நரிமன் ஹவுஸிலும் காட்டிய வீரத்தை நாடு மறக்காது. ஆனால் ரயில் நிலையம், காமா, மெட்ரோ, சௌபாத்தி எல்லாம் அவர்கள் வருவதற்குள் முடிந்துபோன சண்டைகள். அவற்றில் நின்றவர்கள் ரயில்வே போலீஸாரும் மும்பை போலீஸாரும்தான்.

அவர்களுக்கு அரசு என்ன கொடுத்திருந்தது?

ரயில் நிலையக் காவலர்கள் சிலரிடம் இருந்தது உலகப் போர்க் காலத்து .303 ரைஃபிள். மற்றவர்களிடம் லத்தி. மகாராஷ்டிர அரசு அமைத்த ராம் பிரதான் குழு பின்னர் இந்த இரவை ஆராய்ந்தது. துப்பாக்கிப் பயிற்சிக்கு வேண்டிய தோட்டாக்கள்கூடப் போலீஸாருக்குச் சரியாகக் கிடைக்காமல் இருந்ததை எடுத்துக்காட்டியது. நெருக்கடிக்கென்று வகுத்த நடைமுறைகள் மேல்மட்டத்தில் சரிவரப் பின்பற்றப்படவில்லை என்றும் சொன்னது.

பிறகு எவ்வளவோ மாறியது. 2008-ஆம் ஆண்டின் கடைசி நாளில் தேசியப் புலனாய்வு முகமைக்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2009-இல் தேசியப் பாதுகாப்புப் படைக்கு மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத்தோடு நம் சென்னையிலும் தளம் அமைந்தது. மகாராஷ்டிரம் 'ஃபோர்ஸ் ஒன்' என்ற தனி அதிரடிப் படையை உருவாக்கியது. எல்லாம் தேவையான காரியங்கள்.

ஆனாலும் ஒரு கணக்கு மாறவே மாறாது. எந்த நகரத்தில் எந்தத் தாக்குதல் நடந்தாலும், முதல் அரை மணி நேரம் பக்கத்து ஸ்டேஷனுடையது. அங்கே டூட்டியில் இருக்கும் ஏட்டுதான் முதலில் போய் நிற்பார். அவர் கையில் என்ன இருக்கிறது, மார்பில் குண்டு துளைக்காத கவசம் இருக்கிறதா, கடைசியாக எப்போது சுட்டுப் பழகினார், அவருடைய வயர்லெஸ் வேலை செய்கிறதா என்பவை நாட்டின் பாதுகாப்பைப் பற்றிய கேள்விகள். சிறப்புப் படைக்குச் செலவழிக்கும் அரசு, ஸ்டேஷனுக்குச் செலவழிக்கக் கணக்குப் பார்க்கக் கூடாது. ஓம்ப்ளேக்கள் நம்மிடம் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் அவர்களை வெறுங்கையோடு அனுப்புவது அநியாயம்.

2009 குடியரசு நாளில், அமைதிக் காலத்தின் மிக உயர்ந்த வீர விருதான அசோக சக்கரம் துக்காராம் ஓம்ப்ளேக்கு அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. சௌபாத்தியில் அவருக்குச் சிலை இருக்கிறது. 2021-இல் மகாராஷ்டிரத்தில் புதிதாகக் கண்டறியப்பட்ட ஒரு சிலந்தி இனத்துக்கு ஆய்வாளர்கள் அவர் பெயரை வைத்தார்கள்: ஐசியஸ் துக்காராமி.

*

கரையில் எழுந்த கேள்வி

சௌபாத்தியில் நடந்ததை இன்னொரு முறை வரிசையாகப் பாருங்கள். காயம்பட்ட காவலர் ஒருவர் வயர்லெஸ்ஸை எடுத்தார். பறிபோன காரைப் பற்றிய செய்தி சரியான நேரத்தில் ஏறியது. எல்லைக்குரிய ஸ்டேஷன் தடுப்பைப் போட்டுத் தயாராக நின்றது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் ஸ்கோடா மலபார் ஹில் மேட்டில் ஏறியிருக்கும்.

அதே சங்கிலி அன்று மாலையே இன்னோர் இடத்தில் வேலை செய்திருக்க வேண்டும்.

இரவு எட்டரை மணி வாக்கில், கஃப் பரேடை ஒட்டிய மீனவர் குடியிருப்புக் கரையில் ஒரு ரப்பர் படகு வந்து நின்றது. முதுகில் கனத்த பைகளோடு இளைஞர்கள் இறங்கினார்கள். கரையில் இருந்த மீனவ மக்கள் அவர்களைப் பார்த்தார்கள். பழக்கமில்லாத முகங்கள், பழக்கமில்லாத படகு. நீங்கள் யார் என்று கேட்டார்கள். உங்கள் வேலையைப் பாருங்கள் என்ற தோரணையில் பதில் வந்தது. இளைஞர்கள் சாலையேறி டாக்சி பிடித்தார்கள்.

ரயில் நிலையத்தில் முதல் குண்டு வெடிக்க அப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

கடலை அறிந்த மக்கள் கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வியைக் கரையிலிருந்து காவல் நிலையத்துக்கும், அங்கிருந்து நகரம் முழுவதற்கும் கொண்டுசேர்க்க அன்றைய மும்பையில் வழி இருந்ததா? கடல்வழித் தாக்குதல் பற்றி உளவுத்துறை முன்பே அனுப்பிய எச்சரிக்கைகள் எந்த மேசை வரை போயின?

அடுத்த வாரம், அந்தக் கரைக்குப் போவோம்.

(தொடரும்)